ஜாடிக்குள் இருந்த பெயர்கள்

மாலைச் செபம் முடிந்து ஆலயக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் இரு பிள்ளைகளோடு வந்து நின்றார். மகளுக்குப் பதின்மூன்று வயது, மகனுக்குப் பதினொன்று. இருவரும் பள்ளிக்குச் செல்வதில்லை. முன்னாள் ஆசிரியையான அத்தாயே வீட்டில் வைத்து அவர்களுக்குக் கற்பித்து வருகிறார். ஊரில் சிலர் இதை வியப்போடும் சிலர் ஐயத்தோடும் பார்ப்பதை நான் அறிவேன்.

"ஃபாதர், இந்தப் பருவம் முடியப்போகிறது. கணக்கு, அறிவியல், தமிழ் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு செயல்திட்டம் செய்துவிட்டார்கள். வரலாற்றுக்கு மட்டும் என்ன செய்யச் சொல்வது என்று விளங்கவில்லை. கடையில் தாஜ்மகால் படம் வாங்கி அட்டையில் ஒட்டிவிடலாமா என்று பையன் கேட்கிறான். நீங்கள் ஒரு யோசனை சொல்ல வேண்டும்" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. "இரண்டு நாள் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வரலாறு என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்கு எப்படி உணர்த்துவது? அரசர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்த நமக்கே அது உணர்த்தப்பட்டதா? அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய சிந்தனை இது. ஆயினும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன்.

வீடே பள்ளியாகும்போது

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிப்பது ஓர் இயக்கமாக வளர்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. ஜான் ஹோல்ட் என்ற கல்வியாளர் 1977-இல் இதற்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். அக்காலத்தில் அந்நாட்டின் பல மாநிலங்களில் இது சட்டச் சிக்கலுக்கு உரிய செயலாகவே இருந்தது. பெற்றோர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இது சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. நம் நாட்டில் இவ்வழியைத் தேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் சிலவே. அவர்களுள் பலர் தம் பிள்ளைகளைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் தேர்வுகளுக்கு அனுப்புகின்றனர். அந்நிறுவனம் 1989-இல் தொடங்கப்பட்டது.

வீட்டில் கற்கும் பிள்ளைக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு நிறையும் உண்டு. பக்கத்து இருக்கையில் அமர்ந்து போட்டியிடும் தோழன் இல்லை என்பது குறை. நாற்பத்தைந்து நிமிடத்தில் மணி அடிக்காது என்பது நிறை. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் முழுவதும் அலையலாம். ஒரு முதியவரின் திண்ணையில் ஒரு முற்பகல் முழுவதும் உட்காரலாம். வரலாறு கேட்பதும் இந்தப் பொறுமையைத்தான்.

அமெரிக்காவில் 'தேசிய வரலாற்று நாள்' என்ற பெயரில் மாணவர்களுக்கான போட்டி ஒன்று ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், டேவிட் வான் டாசல் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1974-இல் இதைத் தொடங்கினார். அறிவியலுக்குக் கண்காட்சி இருக்கிறதே, வரலாற்றுக்கு ஏன் இருக்கக் கூடாது என்பதே அவருடைய எண்ணம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் இதில் பங்கேற்கலாம். வீட்டில் கற்போருக்கும் இடமுண்டு. கட்டுரை, கண்காட்சி, நாடகம், ஆவணப்படம், இணையதளம் ஆகிய ஐந்து வடிவங்களுள் ஒன்றில் தாம் ஆராய்ந்ததை அவர்கள் படைக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் போதாது. மூலச் சான்றுகளைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதுதான் இதன் உயிர்நாடி. கடிதம், நாட்குறிப்பு, நீதிமன்றப் பதிவு, பழைய செய்தித்தாள், நேரில் கண்டவரின் வாய்மொழி ஆகியவையே மூலச் சான்றுகள்.

சிறுவர்கள் செய்யும் இத்தகைய பணியால் என்ன விளைந்துவிடும் என்று கேட்கத் தோன்றும். இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

ஒரு கப்பலும் ஒரு சிறுவனும்

1945-ஆம் ஆண்டு ஜூலை 30. நள்ளிரவு கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. இந்தியானாபொலிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் பசிபிக் பெருங்கடலில் சென்றுகொண்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன்புதான் அது அணுகுண்டின் பகுதிகளைத் தினியன் தீவில் இறக்கியிருந்தது. ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஏவிய குண்டுகள் தாக்க, ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களில் அது மூழ்கிப்போனது. கப்பலில் இருந்தோர் 1,195 பேர். சுமார் 300 பேர் கப்பலோடு போயினர். எஞ்சியோர் கடலில் மிதந்தனர். குடிக்க நீரில்லை; பகலில் வெயில்; சுற்றிலும் சுறா மீன்கள். கப்பல் உரிய இடத்துக்கு வந்து சேரவில்லையே என்று எவரும் தேடவில்லை. நான்காம் நாள், வேறொரு பணிக்காகப் பறந்துகொண்டிருந்த விமானி ஒருவர் தற்செயலாக அவர்களைக் கண்டார். உயிரோடு மீட்கப்பட்டோர் 316 பேர்.

இத்துயரத்துக்கு யாரேனும் பொறுப்பேற்க வேண்டுமல்லவா? கப்பல் தலைவர் சார்லஸ் மெக்வே மீது படைத்துறை நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. கப்பலை வளைத்து வளைத்து ஓட்டாமல் நேராகச் செலுத்தியது அவர் குற்றம் என்றனர். துணைக்கப்பல் வேண்டும் என்று அவர் கேட்டது மறுக்கப்பட்டிருந்தது. அவ்வழியில் நீர்மூழ்கிகள் திரிகின்றன என்று உளவுத்துறை அறிந்திருந்த செய்தி அவருக்குச் சொல்லப்படவில்லை. கப்பலை மூழ்கடித்த ஜப்பானியத் தளபதி மொச்சிட்சுரா ஹஷிமோட்டோவையே சாட்சியாக வரவழைத்தனர். அவரோ, கப்பல் வளைந்து சென்றிருந்தாலும் தம் தாக்குதலிலிருந்து தப்பியிராது என்று சாட்சி சொன்னார். அப்படியிருந்தும் மெக்வே குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தண்டனை பின்னர் நீக்கப்பட்டது. ஆனால் பழி நீங்கவில்லை. மக்களை இழந்த பெற்றோர் சிலர் அவரைப் பழித்துக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தனர். 1968 நவம்பரில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

உயிர் தப்பிய மாலுமிகள் தம் தலைவரின் பெயரைக் காக்கப் பல ஆண்டுகள் போராடினர். அவர்கள் குரல் உரிய இடத்தில் எடுபடவில்லை. 1996-இல் ஃபுளோரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரில் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் தந்தையோடு சுறா மீனைப் பற்றிய ஒரு திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு பாத்திரம் இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுகிறது. இது உண்மையா என்று சிறுவன் தந்தையைக் கேட்டான். நூலகத்துக்குப் போய்த் தேடிப் பார் என்றார் தந்தை. வரலாற்று நாள் போட்டிக்கு அதையே அவன் பொருளாக எடுத்துக்கொண்டான்.

நூல்களில் அவனுக்கு வேண்டியது கிடைக்கவில்லை. ஆகவே உயிர் தப்பியோரைத் தேடி ஒரு செய்தித்தாளில் சிறு விளம்பரம் கொடுத்தான். ஒருவர் மறுமொழி தந்தார். அவரிடமிருந்து மற்றவர்களின் முகவரிகள் கிடைத்தன. ஒவ்வொருவருக்கும் வினாத்தாள் ஒன்றை அஞ்சலில் அனுப்பினான். ஏறத்தாழ 150 பேரின் வாய்மொழியைத் திரட்டினான். நூற்றுக்கணக்கான ஆவணங்களைப் படித்தான். தலைவர்மீது தவறில்லை என்று மாலுமிகள் ஒருமனதாகக் கூறியதைக் கண்டான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தப் போட்டியில் மாநில அளவில் அவனுக்கு வெற்றி கிட்டவில்லை! ஆனால் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அவன் பணியைக் கவனித்தன. அடுத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் கவனித்தனர். 1999-இல் செனட் குழுவின் முன் விசாரணை நடந்தது. முதுமையடைந்திருந்த ஹஷிமோட்டோவும் மெக்வேயின் பெயரிலுள்ள களங்கத்தைப் போக்குமாறு கடிதம் எழுதினார். 2000 அக்டோபரில், மெக்வே குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட வேண்டும் என்ற தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையொப்பமிட்டது அக்டோபர் 30-இல். ஹஷிமோட்டோ அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். 2001 ஜூலையில் மெக்வேயின் பணிப் பதிவேட்டில் அத்தீர்மானம் சேர்க்கப்பட்டது.

அந்தச் சிறுவன் தனியாக இதைச் சாதித்தான் என்று சொல்வது மிகை. மாலுமிகளின் நெடுங்காலப் போராட்டம் அவனுக்கு முன்பே இருந்தது. ஆனால் பெரியவர்கள் கேட்க மறந்த கேள்வியை அவன் கேட்டான். கேட்டதோடு நில்லாமல் பதிலுக்காகக் காத்திருந்து எழுதியும் வைத்தான்.

நான்கு வரிச் செய்தி

இரண்டாவது நிகழ்வு கன்சாஸ் மாநிலத்தில் யூனியன்டவுன் என்ற, முந்நூறு பேர்கூட வசிக்காத சிற்றூரில் நடந்தது. 1999-இல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளி மாணவியர் சிலர் வரலாற்று நாள் போட்டிக்குப் பொருள் தேடினர். அவர்களுடைய ஆசிரியர் நார்மன் கொனார்டு 1994-ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றின் துணுக்கை அவர்களிடம் கொடுத்தார். இரேனா சென்ட்லர் என்ற போலந்துப் பெண்மணி வார்சா நகர யூதச் சேரியிலிருந்து 2,500 குழந்தைகளைக் காப்பாற்றினார் என்று அது கூறியது. அச்சுப் பிழையாக இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்றார் ஆசிரியர்.

தேடத் தேட அவர்கள் முன் ஒரு வாழ்வு விரிந்தது. இரேனா 1910-இல் பிறந்தவர். தந்தை மருத்துவர். பிற மருத்துவர்கள் அஞ்சி ஒதுங்கிய ஏழை நோயாளிகளுக்கு அவர் பணியாற்றினார். அவர்களுள் பலர் யூதர். அவர்களிடமிருந்து தொற்றிய நச்சுக் காய்ச்சலால் 1917-இல் இறந்தார். மகள் வார்சா நகராட்சியின் சமூக நலத் துறையில் பணியாளரானார். 1940 நவம்பரில் நாசிகள் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதரை ஒரு சிறு பகுதிக்குள் அடைத்துச் சுவரெழுப்பினர். 1942 ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கிருந்து ஏறத்தாழ 2,65,000 பேர் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு இரயில் ஏற்றப்பட்டனர்.

தொற்றுநோய்த் தடுப்புப் பணியாளர் என்ற அனுமதிச் சீட்டோடு இரேனாவும் அவருடைய தோழியரும் சேரிக்குள் சென்று வந்தனர். குழந்தைகளை மருத்துவ ஊர்தியிலும், சாக்குகளிலும், பெட்டிகளிலும் மறைத்து வெளியே கொணர்ந்தனர். சிறுவர் சிலர் சேரியின் எல்லையில் இருந்த நீதிமன்றக் கட்டடத்தின் வழியாக நடத்தி வரப்பட்டனர். அவர்களைக் குடும்பங்களும், அநாதை இல்லங்களும், கன்னியர் மடங்களும் ஏற்றுக்கொண்டன. ஒரு குழந்தையை மறைத்து வைப்பதற்கு அன்று தண்டனை மரணம்.

குழந்தை பிழைக்க வேண்டுமானால் அதற்குப் புதுப்பெயர் வேண்டும். போலி ஆவணம் வேண்டும். ஆனால் போர் முடிந்தபின் அது யாருடைய குழந்தை என்று எவருக்குத் தெரியும்? இரேனா மெல்லிய தாள்களில் ஒவ்வொரு குழந்தையின் உண்மைப் பெயரையும் புதுப்பெயரையும் சேர்த்த இடத்தையும் எழுதி வைத்தார். அத்தாள்கள் கண்ணாடி ஜாடிகளில் இடப்பட்டு, தோழி ஒருவரின் தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் புதைக்கப்பட்டன. 1943 அக்டோபரில் இரகசியக் காவலர் இரேனாவைக் கைது செய்து கால்களை முறித்தனர். அவர் ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. தலைமறைவு இயக்கத்தார் கையூட்டுக் கொடுத்து அவரைத் தப்புவித்தனர். போருக்குப்பின் ஜாடிகள் தோண்டி எடுக்கப்பட்டன. ஆனால் அக்குழந்தைகளின் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

இரேனாவை உலகம் முற்றிலும் மறந்துவிடவில்லை. எருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் 1965-லேயே அவரைச் சிறப்பித்திருந்தது. ஆயினும் பொதுமக்கள் அவரை அறியார். கன்சாஸ் மாணவியர் அவருடைய கல்லறை எங்கே என்றுதான் தேடினர். அப்போதுதான் அவர் உயிரோடு, தொண்ணூறு வயதை நெருங்கி, வார்சாவில் வாழ்கிறார் என்ற செய்தி வந்தது! கடிதம் எழுதினர், பதில் வந்தது. 'ஜாடிக்குள் ஒரு வாழ்வு' என்ற பொருள்படும் பெயரில் அவர்கள் எழுதிய குறுநாடகம் ஊர் ஊராக நடிக்கப்பட்டது. 2001-இல் அவர்கள் வார்சாவுக்குச் சென்று அவரை நேரில் கண்டனர். 2003-இல் போலந்து நாடு தன் உயரிய விருதை அவருக்கு அளித்தது. 2008 மே 12-இல், தம் தொண்ணூற்றெட்டாம் வயதில், அவர் மறைந்தார்.

இதிலும் ஒரு குறிப்பு உண்டு. 2,500 என்ற எண்ணிக்கை கூடுதல் என்றும், அது இரேனா ஒருவரின் செயலன்று, பல பெண்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த கூட்டுப்பணி என்றும் பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் எழுதியுள்ளனர். தாம் தனியாக ஒன்றும் செய்யவில்லை என்று இரேனாவும் கூறிவந்தார். இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. வரலாறு என்பது ஒரு முறை எழுதி மூடிவிடும் ஏடு அன்று. மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் ஏடு என்பதையே இது காட்டுகிறது. பிள்ளைகள் கற்க வேண்டிய பாடங்களுள் இதுவும் ஒன்று.

நான் கேட்காமல் விட்ட கதை

இவற்றை எண்ணியபோது 1999 என்ற ஆண்டு என் நெஞ்சில் தைத்தது. அவ்வாண்டில் நான் ஓர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். எழுபதை எட்டிய மூதாட்டி ஒருவர் நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வருவார். இரங்கூனில் பிறந்தவர். ஜப்பானியர் 1941 டிசம்பரில் அந்நகரின்மீது குண்டு வீசத் தொடங்கியபின், பர்மாவிலிருந்து இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதோர் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தனர். வழியில் காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் பல்லாயிரவர் மடிந்தனர். அவ்வாறு நடந்து வந்தவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தவர் அந்த மூதாட்டி.

திருப்பலி முடிந்து நான் வெளியே வரும்போதெல்லாம், "சாமி, நாங்க நடந்து வந்த கதையை உங்ககிட்ட ஒருநாள் சொல்லணும்" என்பார். "சொல்லுங்கள் பாட்டி, இன்னொரு நாள்" என்பேன். கூட்டம் இருக்கும், கணக்கு இருக்கும், இளைஞர் மன்றத்தின் விளையாட்டுப் போட்டி இருக்கும். ஓராண்டுக்கும் மேலாக அந்த 'இன்னொரு நாள்' வரவே இல்லை. ஒருநாள் காலையில் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடக்கத் திருப்பலியில் அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருந்தவை அவருடைய பெயரும் வயதும் மட்டுமே. பிள்ளைகளைக் கேட்டேன். "என்னவோ சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க சாமி, நாங்க காதுல வாங்கலை" என்றார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன தகுதி இருந்தது?

கடல் கடந்து ஒரு முதியவரைத் தேடிச் சென்றார்கள் கன்சாஸ் மாணவியர். என் வாசற்படியில் வந்து நின்றவரை நான் நாள் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவருக்கு ஒரு ஜாடியும் இல்லை. ஆப்பிள் மரமும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஏற்ற பணிகள்

ஆகவே இரண்டு நாள் கழித்து அத்தாய் வந்தபோது, தாஜ்மகால் அட்டையை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நான் எழுதி வைத்திருந்த பணிகளைப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

முதலாவது, வீட்டு முதியவரின் வாய்மொழி. பன்னிரண்டு கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் ஆகா. 'அன்று காலையில் வீட்டில் என்ன சமைத்தார்கள்?' என்பது போலக் கேட்டால் நினைவுகள் தாமே எழுந்து வரும். அவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது. அவர் மௌனமானால் நாமும் சற்று மௌனமாக இருக்க வேண்டும். அவர் சொன்ன சொற்களையே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி இசைவு பெற வேண்டும்.

இரண்டாவது, பங்குப் பதிவேடுகள். திருமணப் பதிவேட்டைப் பங்குத்தந்தையர் வைத்திருக்க வேண்டும் என்று திரெந்து சங்கம் 1563-இல் விதித்தது. 1614-இல் வெளியான உரோமைத் திருச்சடங்கு நூல் பதிவேடுகளை எழுதும் முறையை வகுத்தது. திருமுழுக்கு, திருமணம், இறப்பு என்று நாம் எழுதி வைக்கும் ஒவ்வொரு வரியும் வரலாற்றுக்கு மூலச் சான்று. இப்பதிவேடுகளைச் சிறுவர் கையில் கொடுப்பது முறையன்று. அவற்றில் பிறருடைய அந்தரங்கம் அடங்கியுள்ளது. ஆனால் தம் சொந்தக் குடும்பத்தின் பதிவுகளைப் பங்குத்தந்தை படித்துச் சொல்லக் கேட்டு, நான்கு தலைமுறைக்கு ஒரு கிளைப்படம் வரையலாம்.

மூன்றாவது, கல்லறைத் தோட்டம். பழைய கல்லறைகளில் உள்ள பெயர், ஆண்டு, வயது ஆகியவற்றைக் குறித்துவந்து பட்டியலிட்டால், எந்த ஆண்டுகளில் குழந்தைகள் மிகுதியாக இறந்தன என்று தெரியும். ஏன் என்ற கேள்வி தானே பிறக்கும். மழையிலும் வெயிலிலும் எழுத்துகள் ஆண்டுக்காண்டு அழிந்து வருகின்றன. இன்று படியெடுக்காததை நாளை படிக்க இயலாது.

நான்காவது, அடுக்களை. சிறுவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபோது நம் நாட்டில் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. காரத்துக்கு மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' என்றார்கள் நம் முன்னோர். சன்னல், சாவி, மேசை, அலமாரி, அன்னாசி என்னும் சொற்களும் போர்த்துக்கீசியரோடு வந்தவை. தம் வீட்டில் உள்ள பொருள்களுள் எவை எங்கிருந்து வந்தன என்று உலகப் படத்தில் கோடிட்டுக் காட்டினால், ஒரு குடிசைக்குள்ளும் உலக வரலாறு உண்டு என்பது விளங்கும்.

ஐந்தாவது, ஊரைத் தாக்கிய ஒரு பேரிடர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையையும் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். ஒரே நிகழ்வை ஐந்து பேரிடம் கேட்டு, எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்று எழுதலாம்.

எந்தப் பணியை எடுத்தாலும் மூன்று விதிகளை மறக்கலாகாது என்றேன். எங்கிருந்து தெரிந்தது என்பதை ஒவ்வொரு செய்தியோடும் குறித்து வைக்க வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொரு சான்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். தெரியாததைக் கற்பனையால் நிரப்பாமல், தெரியவில்லை என்றே எழுத வேண்டும்.

இறுதி வடிவம் எதுவாகவும் இருக்கலாம். பத்துப் பக்கக் கட்டுரை, வீட்டுத் திண்ணையில் ஒரு கண்காட்சி, உறவினர் கூடும்போது ஒரு குறுநாடகம், கைப்பேசியில் பதிந்த ஒலிப்பேழை, இவற்றுள் எதுவும் தகும். ஆனால் கேட்பவர் எவரேனும் இருக்க வேண்டும். தாய் மட்டும் திருத்தி மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் அப்பணி முற்றுப்பெறாது.

திண்ணையில் ஒரு முற்பகல்

பிள்ளைகள் இருவரும் தம் தாத்தாவைத் தேர்ந்துகொண்டார்கள். அவர் பாம்பன் பக்கம் பிறந்தவர். புயல் ஆண்டில் அங்கே இருந்தவர். மூன்று வாரம் கழித்து ஒரு குறிப்பேட்டோடு என்னிடம் வந்தார்கள். முகத்தில் ஒரு குழப்பம்.

"ஃபாதர், புயல் அடிச்சப்போ எனக்குப் பத்து வயசுன்னு தாத்தா சொல்றார். ஆனா அவரோட ஞானஸ்நானச் சீட்டுல 1951-னு இருக்கு. அப்படின்னா பதின்மூணு வயசு வரணுமே. தாத்தா பொய் சொல்றாரா?" என்றான் சிறுவன்.

"பொய் இல்லை தம்பி. தாத்தாவின் நினைவு ஒரு சான்று. சீட்டு இன்னொரு சான்று. இரண்டையும் எழுது. எதை ஏன் நம்புகிறாய் என்பதையும் எழுது" என்றேன்.

அவன் அக்காள் குறிப்பேட்டைப் புரட்டியபடி, "இன்னொண்ணும் இருக்கு ஃபாதர். புயலுக்கு மறுநாள் தன்கூடப் படிச்ச பையனை அவர் தேடிப் போனாராம். கிடைக்கவே இல்லையாம். அவனை நினைச்சா தனக்கும் அவன் வயசுதான்னு தோணுதுன்னு சொன்னார். அந்தப் பையனுக்குப் பத்து வயசு" என்றாள். அந்த நண்பனின் பெயரைத் தாத்தா அதுவரை வீட்டில் எவரிடமும் சொன்னதில்லையாம். எவரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அப்பெயரைத் தனியாக எழுதி, கீழே ஒரு கோடு இட்டிருந்தாள்.

நான் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு முதியவரின் நெஞ்சுக்குள் புதைந்து கிடந்த ஒரு பெயரை, பருவ முடிவுப் பணிக்காகப் போன இரு சிறுவர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். இதற்கு என்ன மதிப்பெண் போடுவது என்று அத்தாய் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டிலும் ஒரு திண்ணை இருக்கும். அல்லது ஒரு கட்டிலாவது இருக்கும். அதில் அமர்ந்திருப்பவர் எதையோ சொல்ல வாயெடுத்து, யாரும் கேட்கவில்லை என்று நிறுத்தியிருப்பார். உங்கள் பிள்ளைக்கு விடுமுறை வரும்போது ஒரு குறிப்பேட்டையும் பன்னிரண்டு கேள்விகளையும் கொடுத்து அவரருகே உட்கார வையுங்கள். இன்னொரு நாள் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த இன்னொரு நாளுக்காகக் காத்திருந்த ஒருவரின் பெயரை நான் அறிவேன். அவருடைய கதையை அறியேன்.